இழுக்கிற பலம் இருக்கிறது... நிறுத்துகிற பலம் இருக்கிறதா?

வண்டியும் வயலும் – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கமுதிப் பக்கம். கிடை ஆடுதான் பிழைப்பு. 200 உருப்படி இருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போய்க் கிடை போடுவோம். மேட்டூர்த் தண்ணீர் வருகிற சமயத்தில் ஊர் திரும்புவோம். ஆடுகளை என் வீட்டுக்காரர் ஆட்களோடு நடத்திக் கூட்டிப் போவார். குட்டிகள், கிடை வலை, கம்பு, சாமான் சட்டி எல்லாம் வாடகை வண்டியில் வரும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். அப்போது நானும் பிள்ளைகளும் சாமானோடு சாமானாகப் பின்னால் உட்கார்ந்துதான் வருவோம்.

இப்போது சொந்தமாக பிக்கப் வாங்கலாம் என்று பேச்சு. என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறான். அங்கே பிக்கப்புக்குப் பின்னால் வீடு மாதிரி ஒரு கேரவனை மாட்டி இழுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் போவதை செல்போனில் காட்டினான். அதைப் பார்த்ததிலிருந்து என் கொழுந்தனுக்கு அதே நினைப்பு. பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது, அதற்குத் தகரம் அடித்து பிக்கப்பில் மாட்டிவிட்டால் நீங்கள் அதிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்த வண்டி வாங்கலாம், இது சரிப்பட்டு வருமா என்று சொல்லுங்கள்.

– கிடை ஆடு வளர்க்கும் வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் மனசு ஒப்பாதது நியாயம்தான். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் டிரெய்லரை பிக்கப்பில் மாட்ட வேண்டாம். ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் படுத்து வரவே வேண்டாம். ஆனால், பிள்ளைகளோடு பத்திரமாகப் போய், போன இடத்தில் நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு வேறு வழி இருக்கிறது. காரணங்களையும் அந்த வழியையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் எப்படி இழுக்கிறார்கள்?

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கிற பெரிய வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆஸ்திரேலியாவில் கேரவன் என்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லாத சக்கர வீடு. அதை பிக்கப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். பிக்கப்பை அங்கே 'யூட்' என்பார்கள். செல்போனில் பார்க்கும்போது எளிதாகத் தெரியும். அதற்குப் பின்னால் உள்ள கட்டுப்பாடுகள் படத்தில் தெரியாது.

அங்கே பின்வண்டியின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பின்வண்டிக்கென்று தனியாக பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் அதன் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்று பின்வண்டி தனியாகப் போனால், அது தானாகவே பிரேக் பிடித்து நிற்கிற ஏற்பாடும் வேண்டும். இந்த வண்டி இத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும். அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் விபத்து நேரும்போது பொறுப்பு ஓட்டியவர் தலையில்தான். ஓடுகிற கேரவனுக்குள் ஆள் உட்காரவோ படுக்கவோ அங்கேயும் அனுமதி இல்லை. எல்லோரும் முன்வண்டியில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். இதையெல்லாம் உங்கள் தங்கை மகனிடமே கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

டிராக்டர் டிரெய்லர் ஏன் ஆகாது?

டிராக்டர் இழுக்கிறதே, பிக்கப் இழுக்காதா என்று உங்கள் கொழுந்தன் கேட்கலாம். இழுக்கும். சந்தேகமே வேண்டாம். நிறுத்துவதில்தான் சிக்கல்.

டிராக்டரின் எடையே சுமார் இரண்டு டன் வரும். பெரிய சக்கரம், மெதுவான ஓட்டம். அந்த வேகத்துக்குத் தகுந்த மாதிரிதான் டிரெய்லரைச் செய்திருக்கிறார்கள். நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்கு பிரேக்கே இருக்காது. அதே டிரெய்லரை பிக்கப்பில் மாட்டினால், யாரும் டிராக்டர் வேகத்தில் ஓட்டப் போவதில்லை. தார் ரோட்டைப் பார்த்ததும் கால் தானாக அழுத்தும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட, 60-இல் போகிற வண்டியை நிறுத்த நான்கு மடங்கு வேலை. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக்கின் வேலை நான்கு மடங்கு ஆகிறது. பின்வண்டிக்கு பிரேக் இல்லையென்றால் அந்த வேலை முழுவதும் பிக்கப்பின் தலையில் விழும். குறுக்கே ஒரு மாடு வந்து சட்டென்று பிரேக் போட்டால், பின்வண்டி முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து குறுக்காக மடக்கிவிடும்.

இன்னொரு ஆபத்து, வால் ஆட்டம். பின்வண்டியில் பாரம் அச்சுக்குப் பின்பக்கம் கூடிவிட்டால், கொக்கிப் பக்கம் லேசாகி, பின்வண்டி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடும். அதனால்தான் பின்வண்டியின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்துகிற மாதிரி பாரத்தை வைப்பார்கள். 800 கிலோ பின்வண்டி என்றால் 80 கிலோ. அந்த 80 கிலோவும் பிக்கப் சுமக்கிற சுமைக் கணக்கில்தான் சேரும். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புதிதில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்தை அழுத்தும். அதே கதைதான்.

பிறகு சட்டம். பின்வண்டியும் ஒரு வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு எண், தனி ஆவணங்கள் வேண்டும். பட்டறையில் தகரம் அடித்து மாற்றிய டிரெய்லரைப் பதிவுப்படி அது வேறு வண்டி என்றே பார்ப்பார்கள். அது மோதி யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இந்தக் காகிதங்களைத்தான். நீங்கள் வாங்கப் போகிற பிக்கப்பின் கையேட்டில் பின்வண்டி இழுக்கலாம் என்று எடை அளவோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் இழுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டில் அதே பெயரில் ஓடுகிற வண்டிக்கு 3,500 கிலோ இழுவை என்று விளம்பரம் இருக்கலாம். அந்த அளவு அங்கே விற்கிற மாடலுக்கும் அதற்கென்று செய்த கொக்கிக்கும் உரியது.

முதலில் எடை, பிறகு வண்டி

வண்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் எத்தனை குதிரைத் திறன், மைலேஜ் எவ்வளவு, தவணை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நான் எத்தனை கிலோ ஏற்றப் போகிறேன் என்பது. உங்கள் கடிதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். கூடக் குறைய இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

குட்டிகள் 60, சராசரி 8 கிலோ வீதம்: 480 கிலோ
கிடை வலை, கம்பு, கொடாப்பு: 150 கிலோ
அரிசி, பாத்திரம், பாய், தார்ப்பாய்: 200 கிலோ
தண்ணீர் டிரம் 200 லிட்டர்: 200 கிலோ
கொழுந்தன், நீங்கள், பிள்ளைகள் இருவர்: 160 கிலோ
மொத்தம்: 1,190 கிலோ

இப்போது வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆள் இல்லாமல், சுமை இல்லாமல் வண்டியின் எடை முதல் எண். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் இவ்வளவுதான் இருக்கலாம் என்பது இரண்டாவது எண். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை. உதாரணமாக மொத்த எடை 2,800, வெற்று எடை 1,500 என்று இருந்தால், மீதி 1,300 கிலோ. டிரைவரின் எடையும் இந்த 1,300-க்குள் அடக்கம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மேலே கம்பிக் கூண்டு கட்டினால் அந்தக் கம்பியின் எடையும் இதற்குள்தான் வரும்.

உங்கள் பட்டியலில் உடனே குறைக்கக்கூடியது தண்ணீர். டிரம்மைக் காலியாகக் கொண்டுபோய், கிடை போடுகிற இடத்தில் பம்புசெட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள். வழிக்கு இரண்டு குடம் போதும். இதிலேயே சுமார் 200 கிலோ குறைந்து, 1,000 கிலோவுக்குள் வந்துவிடுகிறீர்கள். குட்டிகளை இரண்டு நடையாக ஏற்றினால் இன்னும் 240 கிலோ குறையும்.

அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. கூடுதல் பாரத்தை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். நடுரோட்டில் குட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எந்த வகை வண்டி?

சந்தையில் உள்ளதை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, நாம் குட்டி யானை என்று சொல்கிற டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்றவை. சுமார் முக்கால் டன் ஏற்றும். விலை குறைவு, சந்துக்குள் திரும்பும். ஆனால் சக்கரம் சிறியது, அடிப்பகுதி தாழ்வு. வண்டிப்பாதைப் பள்ளத்தில் வயிறு தட்டும். முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். காய்கறி, பால், தீவனம் ஏற்றி உள்ளூர்ச் சந்தைக்குப் போக இது நல்ல வண்டி. உங்கள் தேவைக்குப் போதாது.

இரண்டாவது வகை, அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா, மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்றவை. மாடலைப் பொறுத்து ஒரு டன்னுக்கு மேல் ஒன்றே முக்கால் டன் வரை ஏற்றும். சுமைக்கு இதுதான் சரி. வாடகைக்கு ஓட்டினாலும் இதற்குத்தான் கிராக்கி. குறை என்னவென்றால், முன்னால் இரண்டு, மூன்று பேருக்குத்தான் இடம். பிள்ளைகள் மறுபடியும் பின்னால் சுமையோடுதான் வர வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, இரட்டை கேபின் பிக்கப். பொலேரோ கேம்பர், டாடா யோதாவின் இரட்டை கேபின் மாடல் போன்றவை. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் சுமைத் தளம், சுமார் ஒரு டன் ஏற்றும். தளம் நீளம் குறைவு. உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது இந்த வகைதான். நால்வரும் கதவு மூடிய கேபினுக்குள், பெல்ட் போட்டு உட்காரலாம். தண்ணீரைக் குறைத்து, குட்டிகளை இரண்டு நடையாக ஏற்றினால் எடையும் அடங்கும்.

நான்காவது, இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற விலை உயர்ந்த பிக்கப்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், கரடுமுரடான பாதையில் கெட்டிக்கார வண்டிகள். உல்லாசப் பயணத்துக்கென்றே இங்கே விற்கிறார்கள். ஆனால் பார்க்கப் பெரிதாக இருந்தாலும், ஏற்றக்கூடிய எடை இரண்டாவது வகையைவிடக் குறைவு. விலையோ பல லட்சம் அதிகம். கிடைக்கு வேண்டாம்.

பின்னால் உட்கார்ந்து போவது பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்கு வண்டியின் பின்தளத்தில் ஆள் உட்கார்ந்து போவது நம் கிராமங்களில் சர்வ சாதாரணம். கல்யாணத்துக்கும், நாற்று நடவுக்கும், குலசாமி கோயிலுக்கும் அப்படித்தான் போகிறோம். வண்டி கவிழ்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான். சுமை அவர்கள் மேலேயே விழும். அதன் பிறகு குடும்பத்துக்கு நஷ்டஈடு கேட்டுப் போனால், சரக்கு வண்டியில் கூலிக்கோ சும்மாவோ ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி உங்களுடையது என்றால், அந்த நஷ்டஈட்டை நீங்களே கொடுக்க வேண்டிய நிலையும் வரலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை என்று போட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு ஆள்கூட ஏற்ற வேண்டாம். வாங்குகிற வரை வாடகை வண்டிதான் என்றால், சாமான் அதில் வரட்டும். நீங்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் வாருங்கள். பஸ் செலவு பெரிதில்லை.

போன இடத்தில் படுக்க

இழுத்துப் போகிற வீடு தேவையில்லை. வண்டியே வீடாகும், ஆனால் நின்ற பிறகு. சுமைத் தளத்தின் நான்கு மூலையிலும் கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்புப் பைப் நட்டு, மேலே வளைவு கொடுத்துத் தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். பின்கதவைத் திறந்து, தார்ப்பாயை இன்னும் பத்தடி நீட்டிக் கட்டினால் சமையலுக்கும் நிழல் கிடைக்கும். பிள்ளைகள் தளத்தின் மேல் படுத்தால் பூச்சி பொட்டுப் பயமும் குறைவு. ஓடும்போது பைப்பைக் கழற்றித் தரையோடு வைத்துக் கட்டிவிடுங்கள்.

நான்கு விஷயத்தில் கவனம் வேண்டும். வண்டியை ரோட்டை விட்டு நன்றாக இறக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். நிழலுக்காகவும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. தார்ப்பாயைச் சுற்றி மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு, கரி நெருப்பு வைக்கக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயு மணமே இல்லாமல் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இருட்டில் தெரிகிற மாதிரி பின்பக்கம் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுங்கள்.

வாங்கினால் கட்டுபடியாகுமா?

இது ஓர் உதாரணக் கணக்கு. தவணை மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 60,000 என்று வையுங்கள். ஆக 2,40,000. ஆண்டுக்கு 40 நடைதான் ஓடுகிறது என்றால், டீசல் போடாமலேயே ஒரு நடைக்கு 6,000 ரூபாய் ஆகிறது. 120 நடை ஓடினால் 2,000 ரூபாய். உங்களுக்கு வாடகை வண்டிக்காரர் கேட்கிற தொகையிலிருந்து டீசலைக் கழித்து, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிடை மாற்றுவதற்கு மட்டும் என்றால் வாடகை வண்டியே லாபமாக இருக்கும். ஊரில் இருக்கிற ஆறேழு மாதமும் மிளகாய், கரி மூட்டை, வைக்கோல் என்று உங்கள் கொழுந்தன் வாடகைக்கு ஓட்டத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குவது பற்றி யோசியுங்கள். ஆட்டை விற்றுத் தவணை கட்டுகிற நிலை வரக் கூடாது.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டும் தேவையில்லை. மாடல் தேர்வு செய்யும்போது இந்த 3,000 என்ற எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொல்லிமலையில் மூன்று ஏக்கரில் மிளகும் காபியும் இருக்கிறது. தோட்டத்துக்கு மண் பாதைதான். மழைக்காலத்தில் வழுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற 4x4 பிக்கப் கட்டாயம் வேண்டுமா?

– வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: ஆண்டில் எத்தனை நாள் உங்கள் பாதையில் சாதாரண பிக்கப் ஏற முடியாமல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாள் என்றால் 4x4 தேவையில்லை. அந்த நாட்களில் மூட்டையைத் தலைச்சுமையாகவோ டிராக்டரிலோ ரோடு வரை கொண்டுவருவது மலிவு. மூன்று நான்கு மாதம் என்றால் 4x4 வாங்கலாம்.

சாதாரண பிக்கப்பில் பின்சக்கரம்தான் இழுக்கிறது. காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசாக இருப்பதால் சேற்றில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அச்சுக்கு மேலே இரண்டு மூன்று மணல் மூட்டை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி டயரில் இருக்கிறது. பட்டன் தேய்ந்த டயரோடு 4x4 ஓட்டுவதைவிட, ஆழமான பட்டன் உள்ள புது டயரோடு சாதாரண வண்டி ஓட்டுவது மேல். பாதையில் வழுக்குகிற ஐம்பது அடிக்கு மட்டும் கருங்கல் சல்லி பாவினால், அந்தச் செலவு 4x4-க்குக் கொடுக்கிற கூடுதல் விலையில் சிறு பங்குதான் வரும்.

4x4 வாங்கினால் இரண்டு விஷயம். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டியிருப்பதால் டயரும் உள்ளே உள்ள பல்சக்கரங்களும் தேய்ந்துபோகும். சேறு வந்ததும் போட்டு, தார் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அடுத்து, 4x4 ஏற்றத்தில் உதவும், சேற்றிலிருந்து வெளியே எடுக்கும். ஆனால் பிரேக்கைக் கூட்டாது. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு. மூட்டையோடு இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகி, பாதி வழியில் பிடிக்காமல் போகும். உங்கள் மலைக்கு இந்தப் பழக்கம் 4x4-ஐவிட முக்கியம்.

கேள்வி: ஐந்தாறு வருடம் ஓடிய பழைய பிக்கப் ஒன்று பேசி முடித்திருக்கிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

– மஞ்சள் விவசாயி, ஈரோடு மாவட்டம்.

பதில்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

அடுத்து வண்டிக்கு அடியில் குனியுங்கள். கமான் பட்டையில் கம்பெனி வைத்ததற்கு மேல் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறார்களா? சேஸிஸில் வெல்டிங் தழும்பு, கமான் மாட்டுகிற இடத்தில் விரிசல், துரு இருக்கிறதா? இருந்தால், அந்த வண்டி வாழ்நாள் முழுக்கத் தாங்க முடியாத பாரம் சுமந்திருக்கிறது. புதுப் பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். பாதி சுமையாவது ஏற்றி, ஓர் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். கிளட்ச்சும் ஹேண்ட் பிரேக்கும் அப்போது உண்மையைச் சொல்லிவிடும்.

பிறகு காகிதம். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும். அடுத்த எஃப்.சி. எப்போது, வரி எதுவரை கட்டியிருக்கிறது, கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும், வழக்கமாக ஏற்றுகிற சுமையை ஏற்றி, பக்கத்தில் உள்ள எடை மேடையில் ஒருமுறை எடை போடுங்கள். கண் மதிப்புக்கும் எடை மேடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத் தெரியும். அந்தச் சீட்டை ஆர்.சி. நகலோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு நடைக்கும் அதுதான் உங்கள் அளவுகோல்.

வண்டி பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள், என்ன சுமை, எத்தனை கிலோ, பாதை எப்படிப்பட்டது, ஆண்டுக்கு எத்தனை நாள் ஓடும், வண்டியில் எத்தனை பேர் போவீர்கள் என்ற விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். பதில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி சொல்ல அது உதவும்.